மிளகை ஒதுக்கிய சாமி

எண்ணெய்க்காரச் சந்து ஏகநாதர் கோயிலில் சாமி சாப்பிட ஆரம்பித்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அன்றைக்கு வெண்பொங்கல். தக்காளி விலை அந்த வாரம்தான் கொஞ்சம் இறங்கியிருந்தது. கைலாசநாதக் குருக்கள் வழக்கம்போலத் திரையை இழுத்துவிட்டு, தீர்த்தம் சுற்றி, மணியடித்து, திரையை விலக்கிப் பானையைத் தூக்கினார். பானை கனக்கவில்லை. உள்ளே நடுவில் ஒரு பள்ளம். முந்திரி ஒன்றுகூட மிச்சமில்லை. மிளகை மட்டும் பொறுக்கிப் பானை விளிம்பில் ஒதுக்கி வைத்திருந்தது.

சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று எங்களுக்கு விளங்கவில்லை. திருவண்ணாமலையில் சாமியைப் பற்றி எதை வேண்டுமானாலும் நம்புவோம். மலையையே சாமி என்று சொல்லிச் சுற்றிச் சுற்றி வருகிறவர்கள்தானே நாங்கள். ஆனால் படைத்ததைச் சாமி நிஜமாகச் சாப்பிடாது என்பதும் எங்கள் நம்பிக்கையில் சேர்த்திதான். அந்த நம்பிக்கையில்தான் சந்தில் பாதிப் பேருடைய காலைச் சாப்பாடே நடந்துவந்தது. பூக்கட்டும் ஜோதியம்மாள், ஆட்டோ ஓட்டும் இளஞ்செழியன், பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற கடைப் பெண்கள் எல்லோரும் தொன்னையை நீட்டி ஆளுக்கு இரண்டு கரண்டி வாங்கித் தின்றுவிட்டுத்தான் வேலைக்குப் போவார்கள். அன்றைக்கு ஒரு கரண்டிதான் வந்தது. "சாமி சாப்புட்டா சந்தோசம்தாங்க. அப்ப நாங்க இன்னாத்த சாப்புடறது?" என்று ஜோதியம்மாள் கேட்டாள்.

முதலில் எலி மேல் பழி போட்டோம். பிறகு குரங்கு மேல். பிறகு, வாயைவிட்டுச் சொல்லாமல், குருக்கள் மேல். கோயில் தர்மகர்த்தா ராஜேந்திரன் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். நட்டு போல்ட்டைக்கூட உருட்டிப் பார்த்துத்தான் கொடுப்பார். அவர் திரைக்கு உள்பக்கம் ஒரு கேமரா மாட்டினார். மறுநாள் அவருடைய செல்போனைச் சுற்றி நின்று பார்த்தோம். கண்ணை மூடி மணியடிக்கும் குருக்கள், விளக்கு, பானை, வேறு யாருமில்லை. மண்ணில் தண்ணீர் இறங்குவதுபோலப் பொங்கல் இறங்கிக்கொண்டிருந்தது. மிளகு ஒவ்வொன்றாக விளிம்புக்கு வந்து உட்கார்ந்தது. ராஜேந்திரன் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "நாளையிலேருந்து அரிசி ஒரு படி ஜாஸ்தி போடச் சொல்லுங்க" என்றார். அந்தப் பௌர்ணமிக்குள் செங்கம் ரோட்டுக் காபிக் கடைகளில் இருந்த வெள்ளைக்காரர்கள் வந்துவிட்டார்கள். கீழ்பென்னாத்தூரிலிருந்து ஜனங்கள் வேன் பிடித்து வந்தார்கள். சந்தில் செருப்பு விட இடமில்லை.

இத்தனைக்கும் நடுவில் குருக்கள் முகத்தில் மட்டும் ஈயாடவில்லை. ஏனென்றால் அவருக்கு ஒன்று தெரியும். முப்பது வருஷமாக, நைவேத்தியம் ஆகாமல் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாதவர் அவர். வீட்டில் அந்த நைவேத்தியத்தைச் சமைத்துக் கொடுக்கிற அவர் மனைவி உண்ணாமுலையும் அப்படித்தான். ருசிகூடப் பார்க்காமல் கையளவிலேயே உப்புப் போடுவாள். அப்புறம் அவருக்குச் சுகர் வந்தது. அபிஷேகத்தின்போது மயங்கிப் படியில் விழுந்து மண்டையில் தையல் போட்டார்கள். வெறும் வயிற்றில் மாத்திரை போட்டால் ஒருநாள் இப்படியே போய்விடுவீர்கள் என்று டாக்டர் திட்டி அனுப்பினார். "நீங்க போயிட்டேள்னா நான் யாருக்குச் சமைக்கறது?" என்று உண்ணாமுலை அழுதாள். பாவத்தில் பாதியை நீயும் எடுத்துக்கொள்வதானால் சாப்பிடுகிறேன் என்றார் அவர். அந்தச் செவ்வாய்க்கிழமை விடியலில் கதவைச் சாத்திக்கொண்டு ஆளுக்கு இரண்டு இட்லி தின்றார்கள். கொஞ்ச நேரத்தில் கோயிலில் சாமியும் சாப்பிட்டது.

தப்புச் செய்தால் சாமி கண்ணைக் குத்தும் என்று கேட்டு வளர்ந்த மனுஷர். தப்புச் செய்த அன்றைக்கே சாமி சாப்பிட உட்கார்ந்தால் அவர் என்னவென்று எடுத்துக்கொள்வார்? பரீட்சைக்கு ஒருநாள் இரண்டு பேரும் பட்டினி கிடந்தார்கள். பானை போனது போலவே திரும்பியது. மறுநாள் இட்லி தின்றார்கள், முந்திரி காலி. வெளியே சொன்னால் ராஜேந்திரன் வேறு குருக்களை வைத்துவிடுவார். அந்த லிங்கத்தைத் தொடாமல் ஒரு நாள் விடிவதை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. சொல்லாவிட்டாலோ தொடுகிற கை கூசியது. ஐயோ பாவம், அவர் எந்தப் பக்கம் போவார்?

அந்த நேரம் பார்த்து நாங்கள்தான் அந்தக் காரியத்தைச் செய்தோம். கோயில் கூட்டத்தில் ராஜேந்திரன் எழுந்து, "சாமி இவ்ளோ தூரம் எறங்கி வந்துருக்கு, நாம ஆசாரத்த கம்மியாவா வெக்கறது? குருக்கள் ஒரு மண்டலத்துக்கு முந்தின ராத்திரியே விரதத்த ஆரம்பிச்சிடணும்" என்றார். எல்லோரும் கைதட்டினோம். குருக்கள் சரியென்று தலையாட்டினார். மறுநாளிலிருந்து பானை முழுசாகத் திரும்ப ஆரம்பித்தது. நம் ஆசாரம் போதவில்லை என்று முடிவுகட்டி நாங்களும் விரதம் இருந்தோம். கறியை விட்டோம், வெங்காயம் பூண்டை விட்டோம், கடைசியில் காலை டீயையும் விட்டோம். "சாமி ஒண்ணும் டீ குடிக்காதேன்னு சொல்லல, நீங்களா ஏன் சாவறீங்க?" என்று டீக்கடை பலராமன் கத்தினான். நாங்கள் காய்ந்துபோனதுதான் மிச்சம். சாமி ஒரு பருக்கையைத் தொடவில்லை. வேன்கள் நின்றுபோயின. தொன்னை நிறையப் பொங்கல் வந்தது, தொண்டையில்தான் இறங்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை, மணியைக் கையில் எடுத்த குருக்கள் அப்படியே சரிந்தார். யாரோ ஓடிப்போய்ச் சொல்ல, உண்ணாமுலை ஒரு டப்பாவோடு தலைமயிர் கலைய ஓடிவந்தாள். அவர் தலையை மடியில் தூக்கி வைத்து, நாக்கில் சர்க்கரையைத் தடவி, அவர் கண்ணைத் திறந்ததும் இட்லியைப் பிட்டு ஊட்ட ஆரம்பித்தாள். எதிரே பானை படைக்காமல் அப்படியே இருந்தது.

"மாமி, நைவேத்தியம் இன்னும் ஆவலீங்க!" என்று பதறினார் ராஜேந்திரன்.

"ஆகலைன்னா ஆகாமப் போகட்டும். மனுஷா உசுரோட இருந்தாத்தானே ஸ்வாமிக்குப் படைக்க முடியும்?" என்றாள் உண்ணாமுலை. பிறகு மண்டபமே கேட்க எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்: சாத்திய கதவு, இட்லி, பரீட்சை பண்ணிய நாள், ஒன்றுவிடாமல். அப்படியானால் சாப்பிட்டதால்தான் சாமி வந்ததா, விரதத்தால் போய்விட்டதா என்று ஆளுக்கு ஆள் முகத்தைப் பார்த்துக்கொண்டோம். குருக்கள் தூணைப் பிடித்து எழுந்தார். "இனிமே வேற யாரையாவது வெச்சுக்கோங்கோ. இன்னிக்கு ஒரே ஒரு தடவை மணியடிச்சுட்டுப் போயிடறேன்" என்றார். திரையை இழுத்தார், மணியடித்தார், விலக்கினார். பானை முழுசாக இருந்தது. ஒரு முந்திரிகூடக் குறையவில்லை.

"பாத்தேளா, மன்னிக்கலை" என்று சொல்லிவிட்டுக் குழந்தைபோல விசும்பினார். ராஜேந்திரன் கோயில் சாவிக்காகக் கையை நீட்டினார்.

டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்த ஜோதியம்மாள் அப்போதுதான் கேட்டாள்: "மாமி, நீங்க சாப்டீங்களா?"

உண்ணாமுலை டப்பாவைப் பார்த்தாள். உள்ளே இரண்டு இட்லி இருந்தது. "இவர் இப்படிக் கெடக்கறச்சே எனக்கென்ன சாப்பாடு" என்றாள். விரத நாளெல்லாம் அவளும்தான் பட்டினி. அவளை விரதம் இருக்கச் சொல்லி நாங்கள் தீர்மானம் போடவில்லை. சாப்பிட்டாயா என்றும் ஒருத்தரும் கேட்கவில்லை. வெட்கமாகத்தான் இருந்தது. ஜோதியம்மாள் அவள் தோளை அழுத்தி உட்காரவைத்து, பூ நார் பட்ட கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, இட்லியைப் பிட்டுக் கொடுத்தாள். உண்ணாமுலை அழுதுகொண்டே தின்றாள். கடைசி வாயை விழுங்கித் தண்ணீர் குடித்தபோது, திரை விலகியே இருக்க, எங்கள் எல்லோர் கண்ணுக்கும் எதிரிலேயே பானையில் பொங்கல் இறங்க ஆரம்பித்தது. முதலில் முந்திரி போனது. ராஜேந்திரன் நீட்டிய கையை மடக்கிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். சாமியைப் பார்த்தா மாமியைப் பார்த்தா என்பது இன்றுவரை தெரியவில்லை.

இதெல்லாம் முறைதானா என்று விவரம் தெரிந்தவர்கள் மூன்று பேரிடம் கேட்டோம். ஒருவர் சரி என்றார். ஒருவர் மகாபாவம் என்றார். இன்னொருவர் குருக்களுக்குச் சுகர் இப்போது எவ்வளவு இருக்கிறது என்று விசாரித்தார். எங்களுக்கும் ஒன்றும் பிடிபடவில்லை, குருக்களை மாற்றவும் இல்லை. இப்போது பூஜையில் ஒரு வழக்கம் கூடியிருக்கிறது. திரை போடுவதற்கு முன்னால் மண்டபத்திலிருந்து யாராவது ஒருவர், "ரெண்டு பேரும் சாப்டாச்சா?" என்று உரக்கக் கேட்க வேண்டும். மாமிதான் முதலில் பதில் சொல்ல வேண்டும். "ஆச்சு" என்று, பக்கத்திலேயே இருக்கிற குருக்கள் வீட்டு வாசலிலிருந்து குரல் வந்த பிறகுதான் மணி. அரிசி ஒரு படி ஜாஸ்தி போட்டது அப்படியே நிலைத்துவிட்டது, எங்களுக்கும் போதுமான அளவு கிடைக்கிறது. மிளகை மட்டும் சாமி இன்னும் ஒதுக்கிக்கொண்டுதான் இருக்கிறது. வீணாக்குவானேன் என்று ஜோதியம்மாள் அதை ஒரு கிண்ணத்தில் பொறுக்கிப்போய் ரசத்துக்குப் போட்டுக்கொள்கிறாள்.