துருத்தி அறையில் லாம்பேர்

மழை. ஆற்றின் மேல் மழை. கூரைகளின் மேல் மழை. மணிக்கூண்டு உச்சியில் காற்றுக்குத் திரும்பும் தகரச் சேவல் மேல் மழை.

பெல்ஜியத்தில், மூஸ் ஆற்றங்கரையில், அவ்ரமோன் என்றொரு சின்ன ஊர். ரயில் புதிதாக வந்திருந்த காலம். நவம்பர் மாதத்தில் அங்கே வெளிச்சம் என்றால் மாதாகோயிலின் வண்ணக் கண்ணாடி வழியாக வருவது மட்டும்தான். தரையில் கொஞ்சம் நீலம். தூணில் கொஞ்சம் சிவப்பு. அவ்வளவே.

அந்த ஊர்க் கோழிகள் எல்லாம் குடை பிடித்துக்கொண்டு நடந்ததாகச் சொல்வார்கள். மிகை. பாதிக் கோழிகள்தான் பிடித்தன.

நீலம் விழுகிற இடத்துக்கு நேர் மேலே, மாடத்தில், ஆர்கன் என்ற பெரிய குழல் வாத்தியம். ஆர்கன் முன்னால் லாம்பேர்.

ஞாயிறுதோறும் பூசைக்கு வாசிப்பவர். வீட்டில் தாமே இசை எழுதுகிறவர். எழுதியதைத் தாமே வாசித்துத் தாமே தலையாட்டிக்கொள்வார். ஊரில் வேறு தலைகள் ஆடவில்லை.

வெளியே ஒரு மழை. அவருக்குள்ளே இன்னொரு மழை. உள்ளே பெய்த மழைக்கு சில்வேன் என்று பெயர்.

சில்வேன் பாரிஸ்காரர். இளவயது. நீள விரல்கள். எழுதிவைத்து வாசிக்கமாட்டார். யாராவது நாலைந்து சுரம் கொடுத்தால் போதும். உட்கார்ந்த இடத்தில், அந்த நிமிடத்தில், அதை வைத்து ஒரு மாளிகை எழுப்பிவிடுவார். மாடங்கள், படிக்கட்டுகள், புகைபோக்கியோடு. அவர் மெட்டுகள் ரயிலேறி அவ்ரமோன் வரை வந்திருந்தன.

லாம்பேரின் மனைவி ஓடில், உருளைக்கிழங்கு உரிக்கும்போது முணுமுணுத்தது சில்வேனின் மெட்டை. தோல்கூட அந்த மெட்டுக்கு வளைந்து விழுந்தது.

"என் மெட்டு ஒண்ணை முணுமுணுத்தா வாய் வலிக்குமா?"

"முணுமுணுத்தேனே. நடுவுல தூங்கிட்டேன். அடுப்புல சூப்பு தீஞ்சுபோச்சு."

அன்று லாம்பேர் பொறாமையோடு பார்த்த பார்வையில் வீட்டுப் பால் திரிந்தது. பக்கத்து வீட்டுப் பாலும் திரிந்தது. மூன்றாவது வீட்டுக்காரி புத்திசாலி. பாலாடைக்கட்டி செய்து விற்றுவிட்டாள்.

மழை விடவில்லை. கோயிலுக்குப் புது ஆர்கன் வந்தது. பழையதைவிட மூன்று மடங்கு பெரியது. பங்குச்சாமியார் லாம்பேரைக் கூப்பிட்டார்.

"இசைக்காரங்களோட புனிதை செசிலியம்மாள் திருநாளுக்கு சில்வேன் வர்றாரு. அவர் கையால திறந்துவைக்கிறோம். ஜனங்களுக்குப் பிடிச்சா இங்கேயே இருக்கறதா எழுதியிருக்காரு. நீங்க இனிமே குழந்தைங்களுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுங்க, லாம்பேர்."

"சாமி, அப்போ என் பலகை?"

"உங்களுக்கு நாற்காலி போடச் சொல்றேன். பஞ்சு வச்சது."

பலகை. புது ஆர்கனில் அது ஒன்றுதான் பழையது. லாம்பேர் உட்கார்ந்து உட்கார்ந்து அவருடைய வடிவத்துக்குக் குழிந்துபோன பலகை. அந்தக் குழியில் இன்னொருவர் உட்காருவார். அதை நினைத்தாலே அவருக்கு உட்காரும் இடமெல்லாம் எரிந்தது.

விருந்தாளி வாசிப்பதற்கு உள்ளூர்க்காரர்தான் சுரம் கொடுக்கவேண்டும். அது அந்தத் தொழிலின் மரியாதை. லாம்பேர் மரியாதையாக உட்கார்ந்து, தம் வாழ்நாளிலேயே மிக மோசமான ஐந்து சுரங்களை எழுதினார்.

நொண்டி வாத்து படியேறுவதுபோல ஐந்து சுரம். எங்கே தொடங்கினாலும் தடுக்கும். எங்கே நின்றாலும் சாயும். நாய்க்கு வாசித்துக் காட்டினார். நாய் எழுந்து மாமியார் வீட்டுக்குப் போய்விட்டது. நாய்க்கு ஏது மாமியார் வீடு என்று கேட்கவேண்டாம். போய்விட்டது.

அதுவும் போதாது என்று தோன்றியது. பொறாமைக்கு எதுவும் போதுவதில்லை.

ஆர்கன் என்பது காற்று. தங்கம் பூசிய குழல்கள், தந்தக் கட்டைகள், செதுக்கிய தேவதைகள், எல்லாம் மேல்பூச்சு. பின்னால் இருட்டாக ஓர் அறை. அதில் தோல் துருத்திகள். ஓர் ஆள் ஏறி மிதிக்கவேண்டும். மிதித்தால் இசை. மிதிப்பது நின்றால், நனைந்த பசு மாதிரி ஒரு முனகல். பிறகு ஒன்றுமில்லை.

மிதிக்கிறவர் பாஸ்தேன். திருநாளன்று மதியம் லாம்பேர் அவரை வாசலிலேயே மடக்கினார்.

"பாஸ்தேன், இன்னிக்கு உனக்கு ஓய்வு. பீர்க்கடையில சொல்லிவச்சிருக்கேன். போய்க் குடி."

"எது வரைக்கும் குடிக்கலாம் ஐயா?"

"உன் கால் உனக்குத் தெரியாமப் போற வரைக்கும்."

"அது இப்பவே தெரியலையே. தொந்தி மறைக்குது."

போனார். லாம்பேர் துருத்தி அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டார். திட்டம் இவ்வளவுதான். இசை உச்சிக்கு ஏறட்டும். ஊரே மூச்சைப் பிடிக்கட்டும். அப்போது காலை எடுத்துவிடவேண்டும். பசு முனகும். ஊர் சிரிக்கும். பலகை பிழைக்கும்.

இருட்டு. தோல் வாசனை. மரச் சுவருக்கு அந்தப் பக்கம் தாளைப் பிரிக்கும் சத்தம். சில்வேன் வாத்தைப் பார்க்கிறார். நன்றாகப் பார்க்கட்டும்.

மாடத்திலிருந்து கயிற்றை இழுத்தால் உள்ளே ஒரு சின்ன மணி ஆடும். காற்று வேண்டும் என்று அர்த்தம். மணி ஆடியது. லாம்பேர் மிதித்தார்.

வாத்து நடந்தது. நொண்டியது. நொண்டலை சில்வேன் மறைக்கவில்லை. இன்னொரு முறை நொண்டவிட்டார். இருட்டில் லாம்பேர் சிரித்தார்.

பிறகு கீழே, காலால் வாசிக்கும் கட்டைகளில், ஏதோ அசைந்தது. தணிந்து, அகலமாக. தண்ணீர். நொண்டி வாத்து படியை விட்டது, கரையை விட்டது, ஆற்றில் இறங்கியது.

தண்ணீரில் எந்த வாத்து நொண்டும்?

அதே ஐந்து சுரம்தான். ஒன்றுகூட மாறவில்லை. மிதந்து போனது. வெளிச்சத்தின் மேல் மிதந்து போனது. மழையின் கீழ் மிதந்து போனது.

லாம்பேருக்கு வயிறு எரிந்தது. தண்ணீர். இவ்வளவு நாளாக ஆற்றங்கரையில்தானே இருக்கிறேன். எனக்கு ஏன் தோன்றவில்லை?

இசை ஏறத் தொடங்கியது. இதோ, இங்கே நிறுத்தலாம். அடுத்த சுரத்தை மட்டும் கேட்டுவிட்டு.

கேட்டார். அது இன்னொரு கதவைத் திறந்தது. இதோ, இங்கே நிறுத்தலாம். அடுத்த சுரத்தை மட்டும் கேட்டுவிட்டு.

எங்கே மூச்சு வேண்டியிருக்கும் என்று வாசிக்கிறவனுக்குத் தெரியும். லாம்பேரும் வாசிக்கிறவர். மணி ஆடுவதற்கு முன்னால் அவர் கால் காற்றைக் கொடுத்தது. பிறகு மணி ஆடவே இல்லை.

பெரிய குழல் முழங்கியபோது சாமியாரின் பொய்ப்பல் தாளம் போட்டது. மூஸ் ஆறு ஒரு கணம் நின்றுவிட்டதாகச் சொல்வார்கள். மிகை. மெதுவாகப் போனது.

உச்சி வந்தது. வந்து கடந்தது. லாம்பேரின் சட்டை நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. கால் அவருடையதாக இல்லை. வாத்து கடலைச் சேர்ந்த பிறகுதான் நின்றது.

கூரையில் மழை. கீழே ஓடில் கைக்குட்டையில் முகத்தைப் புதைத்திருந்தாள்.

சில்வேன் மாடத்திலிருந்து இறங்கி வந்தார். சாமியார் கையை நீட்டினார். சில்வேன் அதைப் பிடிக்காமல் கேட்டார்.

"துருத்தி மிதிச்சது யாரு? நான் கேக்கறதுக்கு முன்னாடி காத்து வந்துச்சு. பாரிஸ்லகூட இப்படி ஒரு ஆள் கிடையாது சாமி. இன்னிக்குப் பாதி வாசிச்சது அவர்தான்."

ஊர் முழுக்கத் திரும்பியது. வாசல் தூணில் சாய்ந்து, நனைந்து, பாஸ்தேன் நின்றிருந்தார். பீர் தீர்ந்துபோயிருந்தது.

சாமியார் அவரைக் கட்டிக்கொண்டார். சில்வேன் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். பாஸ்தேன் ஒரு கணம் யோசித்தார். தலையைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஏதோ, நம்மால ஆனது."

துருத்தி அறைக் கதவிடுக்கில் லாம்பேர். சில்வேனின் புகழை அவர் தாங்கினார். பலகை போனதைத் தாங்கினார். ஓடில் தன் சால்வையை எடுத்து பாஸ்தேனின் ஈரத் தலையைத் துவட்டினாள்.

"நான்! நான்தான் மிதிச்சேன்! அந்தக் குடிகாரன் இல்ல! ஒவ்வொரு மூச்சும் என்னுது!"

கோயில் பெரியது. 'என்னுது, என்னுது' என்று தூண்கள் வரிசையாகச் சொல்லி முடிக்கும்வரை எல்லோரும் காத்திருந்தார்கள்.

பிறகு ஓடில் கேட்டாள். "நீங்க எதுக்கு அங்க போனீங்க?"

சாமியாரின் முகம் மெல்லச் சிவந்தது. ஊருக்குப் புரிந்தது. மழைக்கும் புரிந்த மாதிரி ஒரு கணம் தணிந்தது.

சில்வேன் மட்டும் பக்கத்தில் வந்தார். தணிந்த குரலில் கேட்டார்.

"எந்த இடத்துல நிறுத்தறதா இருந்தீங்க, ஐயா?"

"உச்சியில."

"ஏன் நிறுத்தல?"

"அந்த அஞ்சு சுரம் எங்க போய்ச் சேருதுன்னு எனக்குத் தெரிய வேண்டாமா?"

"எனக்கும் தெரியாது. காத்து இருந்துச்சு. போனேன்."

பலகை சில்வேனுக்குப் போனது. லாம்பேரின் குழி அவருக்குக் கொஞ்சம் பெரிது. ஒரு தலையணை வைத்துக்கொண்டார். பஞ்சு நாற்காலியும் பாட்டு வாத்தியார் வேலையும் பாஸ்தேனுக்குப் போயின. குழந்தைகள் பாடல்களை வேகமாகக் கற்றன. எல்லாம் பீர்க்கடைப் பாடல்கள். சாமியாருக்கு ஈஸ்டர் பண்டிகை வரை தெரியாது.

லாம்பேரைத் துரத்தச் சாமியார் நினைத்ததுண்டு. அந்தக் காற்று இல்லாமல் வாசிக்கமாட்டேன் என்று சில்வேன் சொல்லிவிட்டார்.

ஞாயிறு. ஆற்றின் மேல் மழை. இருட்டறையில் லாம்பேர் மிதிக்கிறார். ஒரு முறை தச்சன் மகன் உதவிக்கு வந்தான். அடித்து விரட்டினார். இவ்வளவு பக்கத்தில் நின்று இன்னொருத்தன் கேட்பதா?

சுவருக்கு அந்தப் பக்கம் மெட்டு ஏறுகிறது. ஓர் இடத்தில் தயங்குகிறது. லாம்பேருக்கு வயிறு எரிகிறது. இதோ, இங்கே நிறுத்தலாம்.

அடுத்த சுரத்தை மட்டும் கேட்டுவிட்டு.