மணி அடிக்காத பள்ளிக்கூடம்

மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்று டிவியில் சொன்னபோது எங்கள் ஊரில் முகம் வாடிய ஒரே ஆள் நான்தான். என் கணவர் குணசேகரன் அன்றைக்கே விதைநெல்லை ஊறப்போட்டுவிட்டார். நானோ, இன்னும் கொஞ்ச நாள் கழித்து வந்தால் போதும் சாமி என்று வேண்டிக்கொண்டிருந்தேன். விவசாயி வீட்டுக்கு வாக்கப்பட்டவள் வேண்டுகிற வேண்டுதலா இது? வெளியே சொல்லியிருந்தால் ஊரைவிட்டே துரத்தியிருப்பார்கள்.

காரணம் என் மகள் செம்மொழி. ஏழு வயது. அவளுக்கு ஆட்டிசம். பேச்சு குறைவு, யார் முகத்தையும் பார்க்க மாட்டாள். இரண்டு வருடம் தஞ்சாவூரில் ஒரு பயிற்சி மையத்துக்குப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனேன். இனி இவள் மற்றப் பிள்ளைகளோடு பழக வேண்டும் என்று அந்த மையத்து டீச்சரே சொன்னார். அதனால் இந்த ஜூனில் உள்ளூர் அரசுப் பள்ளியில் இரண்டாம் வகுப்பில் சேர்த்தேன். மூன்றாம் நாளே, பக்கத்தில் உட்காரும் பாத்திமாவைப் பார்த்து, சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு தானாகப் போய் வரிசையில் நின்றாள். நான் எத்தனையோ வருடம் கெஞ்சியும் நடக்காத காரியம் அது.

ஆனால் செம்மொழி ஓடுவாள். இடைவேளை விட்டால் ஓட்டம், சாப்பாட்டுக்கு விட்டால் ஓட்டம். பிடித்துக் கூட்டிவந்து விட்ட பிறகுதான் வரிசையெல்லாம். மற்றப் பிள்ளைகள் முன்பக்க மைதானத்துக்கு ஓடினால் இவள் பள்ளிக்குப் பின்பக்கம் ஓடுவாள். அங்கே சுற்றுச்சுவர் போன மழையில் இடிந்து கிடக்கிறது. அதைத் தாண்டினால் வாய்க்கால். குணசேகரன் மூங்கில் தட்டி கட்டிப் பார்த்தார். முதல் நாளே அதைப் பிய்த்துக்கொண்டு போனாள். காய்ந்த வாய்க்காலில் விழுந்தால் முட்டி சிராய்க்கும், அவ்வளவுதான். தண்ணீர் வந்துவிட்டால்?

தலைமையாசிரியை தஹ்மீனா டீச்சர் அதிராம்பட்டினத்துக்காரர். வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசுகிறவர். என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்.

“சட்டப்படி உங்க பொண்ண வேணாம்னு நான் சொல்ல முடியாது மேகலா. சொல்லவும் மாட்டேன். ஆனா வாய்க்காலுக்குச் சட்டம் தெரியாதே. தண்ணி வந்ததும் வீட்ல வச்சுக்கங்க.”

எவ்வளவு நாளைக்கு என்று கேட்டேன். தண்ணீர் நிறுத்தும்வரை என்றார். தை மாதம்தான் நிறுத்துவார்கள். அதற்குள் வரிசையும் மறந்துவிடும், பாத்திமாவும் மறந்துவிடுவாள். நான் சத்தம் போட்டேன். வாய்க்கு வந்ததெல்லாம் பேசினேன். அவர் சொன்னது நியாயம் என்று எனக்கே தெரிந்ததால் இன்னும் கூடுதலாகக் கத்தினேன்.

தண்ணீர் வரும்வரை, இடிந்த சுவருக்குப் பதில் நானே உட்கார்ந்தேன். காலையிலிருந்து மாலைவரை, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஓடி வருகிறவளைப் பிடிப்பதுதான் வேலை. ஏன் ஓடுகிறாள் என்பதற்கு ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தோம். வாய்க்கால் மணலில் ஆசை என்றார் டீச்சர். வீட்டு ஞாபகம் என்றார் குணசேகரன். பிடிவாதம் என்றேன் நான். மணி அடித்தால் எல்லாப் பிள்ளைகளும்தானே ஓடுகிறார்கள், அதற்குமேல் யோசிக்க யாருக்கும் தோன்றவில்லை.

இதற்கிடையில் எங்கள் வாய்க்கால் மதகின் ஷட்டர் துருப்பிடித்துத் திறக்க மறுத்தது. ஷட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் லஸ்கர் நடராசன் நெம்புவதற்கு ஒரு கம்பி தேடிக்கொண்டு பள்ளிக்கு வந்தார். எங்கள் பள்ளி மணி என்பது முன்வாசல் உத்தரத்தில் தொங்கும் ஒரு தண்டவாளத் துண்டு. அதை அடிக்கிற இரும்புக் கம்பி அவர் கண்ணில் பட்டது. பத்து நிமிடத்தில் தருகிறேன் என்று வாங்கிக்கொண்டு போனார். லஸ்கரின் பத்து நிமிடம் எவ்வளவு நீளம் என்று இந்தப் பக்கத்து விவசாயிகளைத்தான் கேட்க வேண்டும்.

அன்று முழுக்க மணி இல்லை. வகுப்பு வகுப்பாகப் போய் வாயால் சொன்னார்கள். இடைவேளைக்குச் செம்மொழி ஓடிவரவில்லை. உடம்பு சரியில்லையோ என்று நினைத்தேன். சாப்பாட்டு நேரத்திலும் வரவில்லை. எட்டிப் பார்த்தால் பாத்திமாவுக்குப் பின்னால் தட்டோடு நிற்கிறாள். சாயங்காலம்வரை ஒருமுறைகூட ஓடவில்லை. அப்போதும் என் மரமண்டைக்கு எட்டவில்லை.

மறுநாள் காலை கம்பி திரும்பி வந்தது. முதல் மணி ணங்கென்று விழுந்தது. அடுத்த நொடி செம்மொழி என் மேல் வந்து மோதினாள். அணைத்துப் பிடித்தபோது அவள் நெஞ்சு என் நெஞ்சில் திடுதிடுவென்று அடித்துக்கொண்டது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. கோயில் தவிலுக்கு முன்னால் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவள் என்பதால், சத்தத்துக்குப் பயப்படுவாள் என்று நாங்கள் யாரும் நினைக்கவே இல்லை. அந்த இரும்புச் சத்தம் மட்டும் அவளைக் கொன்றிருக்கிறது. பயந்து ஓடிவந்த பிள்ளையைப் பிடிவாதம் என்று சொல்லி இரண்டு முறை முதுகில் அடி வைத்திருக்கிறேன். அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

தஹ்மீனா டீச்சரிடம் போய்ச் சொன்னேன். அவர் உடனே நம்பிவிடவில்லை. இந்த மணி பள்ளிக்கு மட்டுமான மணி இல்லை என்றார். பம்ப்செட் வயலில் நடுகிற பெண்கள்கூட அதைக் கேட்டுத்தான் டீக்குக் கரையேறுவார்கள்.  ஆனாலும் அவரே கம்பியை எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டினார்.

“தண்ணி வரட்டும். வந்தப்புறம் மூணு நாள் பாப்போம். அப்பவும் ஓடலன்னா இந்த மணி நமக்கு வேணாம்.”

நடவுப் பெண்கள் என்னை வழியில் நிறுத்தி, உன் மகளால் எங்கள் டீ ஆறிப்போகிறது என்று கேலி செய்தார்கள். இரண்டாம் நாள் அவர்களே ஒரு செல்போனில் அலாரம் வைத்துக்கொண்டார்கள்.

தண்ணீர் வந்தது. நுரையும் செத்தையுமாக, செம்மண் நிறத்தில், பள்ளியின் பின்பக்கத்தை உரசிக்கொண்டு ஓடியது. ஊரே பூப்போட்டுக் கும்பிட்டது. நான் தண்ணீருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வகுப்பு வாசலையே பார்த்தேன். டீச்சர் கைதட்டினார். பிள்ளைகள் வெளியே வந்தார்கள். செம்மொழி பாத்திமாவோடு குழாயடிக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு உள்ளே போனாள். மூன்று நாளும் அப்படித்தான். குணசேகரனும் இடிந்த இடத்தில் ஆளுயரத்துக்குக் கம்பிவலை கட்டி முடித்தார்.

நான்காம் நாள் காலை தஹ்மீனா டீச்சர் என்னிடம் வந்தார்.

“வீட்டுக்குப் போங்க மேகலா. இனிமே அவள நாங்க பாத்துக்கிறோம்.”

வீட்டுக்குப் போய் என்ன செய்வதென்று தெரியவில்லை. இருந்த பாத்திரத்தையெல்லாம் கழுவினேன். பிறகு தரையில் சும்மா சாய்ந்தேன். கண் திறந்தபோது கடிகாரம் நாலரை காட்டியது. பள்ளி நாலு பத்துக்கே விட்டிருக்கும். எங்கள் வீடுவரை கேட்கிற மணி அது. இப்போது அதுவும் இல்லை, என்னை யார் எழுப்புவது?

தலையை முடியக்கூட இல்லை, செருப்பும் போடவில்லை. வாய்க்கால் கரையோடு ஓடினேன். கண் பாதையில் இல்லை, தண்ணீரில் இருந்தது. பாதி தூரத்தில் யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். எதிரே தஹ்மீனா டீச்சர் வந்துகொண்டிருந்தார். அவருடைய ஒரு கையில் செம்மொழி, இன்னொரு கையில் பாத்திமா. அப்படியே நின்றுவிட்டேன். அப்பாடா என்றுகூடச் சொல்ல மூச்சு இல்லை. மன்னிச்சுக்கங்க டீச்சர், தூங்கிட்டேன் என்று எப்படியோ சொல்லி முடித்தேன். தூங்குங்க, நல்லாத் தூங்குங்க என்றார் அவர்.

பாத்திமா என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“எதுக்கு அத்தை இப்படி ஓடி வர்றீங்க?”

இதை என் மகளிடம் நாங்கள் ஒருவரும் கேட்டதில்லை.

“பயந்துட்டேன்மா,” என்றேன்.

செம்மொழி டீச்சரின் கையை விட்டுவிட்டு என்னிடம் வந்தாள். என் முகத்தை ஒரு நொடி நேராகப் பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்து வீட்டுப் பக்கம் இழுத்துக்கொண்டு நடந்தாள்.