தட்டில் வைத்த புஷ்மில்ஸ்

அகதி விசாரணை வென்ற கையோடு மரியதாசனுக்கு வந்த ஆசை, ரொம்முக்கு ஒரு முழுப் போத்தல் விஸ்கி வாங்கிக் கொடுக்க வேண்டும் என்பது. கொடுக்காமல் விடுகிறதா? மட்டக்களப்பிலிருந்து வந்து மொன்றியல் குளிரில் நடுங்கினவனுக்குத் தன் கோட்டையே கழற்றிப் போட்ட கிழவர். விசாரணை அன்றும் வாசலில் அவனுக்காகக் காத்திருந்தவர்.

அவன் வேலை செய்தது பிரண்டன் என்ற ஐரிஷ்காரரின் மதுக்கடையில். பெல்பாஸ்டில் கத்தோலிக்கரும் புரட்டஸ்தாந்துக்காரரும் மோதின கலவரத்தில் தம்பியைப் பறிகொடுத்த மனுசன் பிரண்டன். அங்கே வருகிறவர்கள் எல்லாரும் கத்தோலிக்கர், குடிப்பதென்றால் ஜேம்சன் விஸ்கிதான். புஷ்மில்ஸ் புரட்டஸ்தாந்துக்காரன் தண்ணியாம், தொட்டாலே தீட்டாம்! இரண்டையும் அந்த நாளில் ஒரே கம்பனிதான் வடித்தது. சொன்னால் யார் காதில் ஏறும்?

அதே கடைக்கு வந்துபோகிற ரொம் குடிப்பதோ புஷ்மில்ஸ். தானே கொண்டுவந்து தந்த போத்தலைச் சவர்க்காரத் தூள் பெட்டிக்குப் பின்னால் ஒளித்து வைக்கச் சொன்னவர். கிளாசில் ஊற்றி மரியதாசன் கொண்டுபோவான். ஆள் எந்தப் பக்கம் என்று அவனுக்கு அப்போதே விளங்கிவிட்டது.

ஆனாலும் மனைவி கிளி விடவில்லை. ஒளித்துக் கொடுத்தால் அது லஞ்சம் மாதிரி, நாலு பேர் பார்க்கக் கொடுங்கள் என்றாள். வெறும் போத்தலையா கொடுக்கிறது என்று ஜான்-டலோன் சந்தையில் இரண்டு தோடம்பழமும் வாங்கித் தட்டில் வைத்தாள். மரியதாசனுக்கும் உள்ளுக்குள் பெருமையில் ஒரு புளுகம். இத்தனை வருஷம் ரொம்மோடு ஒரே மேசையில் சீட்டு விளையாடினவர்கள், பார்த்தாலும் சிரித்துவிட்டுப் போவார்கள் என்று தன்னைத்தானே ஏய்த்துக்கொண்டான்.

சனிக்கிழமை மத்தியானம் தட்டை இரண்டு கையாலும் ஏந்திப் போய், மனைவி தந்துவிட்டது என்று சொல்லி ரொம் முன்னால் வைத்தான். போத்தல் போதாதென்று தோடம்பழம் வேறு. அந்தச் செம்மஞ்சள்தான் புரட்டஸ்தாந்துக்காரரின் ஊர்வல நிறம் என்று இந்தப் பாவிக்கு யார் சொன்னார்கள்!

சீட்டுகள் ஒவ்வொன்றாக மேசையில் விழுந்தன. அந்தப் பக்கத்து ஆளா, உண்மையா என்று பிரண்டன் ரொம்மிடம் கேட்டார். ரொம் தலையாட்டிவிட்டுத் தொப்பியைத் தேடினார். பிரண்டன் மரியதாசன் பக்கம் திரும்பினார். அவன் கழுத்தில் கிடந்த சிலுவையைப் பார்த்தார்.

"நீ எங்கட ஆள்தானே?"

"ஓம்."

ஜேம்சன் ஊற்றி நீட்டினார். கிளாசை ஏந்தினபோது கொழும்பில் குடியிருந்தபோது 83 ஆடிக் கலவரத்தில் காடையருக்குத் தன் வீட்டைக் கை காட்டின பக்கத்து வீட்டுக்காரன் நினைவுக்கு வந்தான். எத்தனை வருஷம் திட்டித் தீர்த்த ஆள் அவன். அவனுக்கும் அன்றைக்கு யாராவது இப்படி ஒரு கிளாஸ் நீட்டியிருப்பார்கள். மரியதாசன் குடித்தான். தோளில் நாலைந்து கைகள் தட்டின. அது சுகமாக இருந்தது. அதுதான் பிறகும் அவனுக்கு ஆறாமல் போனது.

ரொம் ஒரு தோடம்பழத்தை எடுத்துக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார். கோபமே இல்லை முகத்தில்.

"உன் மனைவிக்கு நன்றி சொல்லு."

அதற்குப் பிறகு அவர் அந்தப் பக்கமே வரவில்லை.

அன்றைக்குக் கதவைத் திறந்ததும் கிளி கேட்டாள்.

"சந்தோசப்பட்டாரா?"

"ஓம், உனக்கு நன்றி சொல்லச் சொன்னவர்," என்றான் மரியதாசன், ஜேம்சன் வாடை அவளுக்கு அடிக்காதபடி முகத்தைத் திருப்பிக்கொண்டு.