பூசைக்குத் தேய்த்த மூன்று முனைகள்

கறுப்பாக இருப்பதெல்லாம் அழுக்கு என்று நம்புகிறவர்களைப் பிடித்து உள்ளே போட எந்தச் சட்டமும் இல்லை. ஆயுத பூசையன்று மதியம் ஒரு மணிக்கு, ஏன் இல்லை என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பத்துக்குப் பன்னிரண்டில் எங்கள் கடை. வலது பாதி என்னுடையது. இன்வெர்ட்டர், ஸ்டெபிலைசர் என்று, உள்ளே சர்க்யூட் போர்டு இருக்கிற எதுவானாலும் பழுது பார்ப்பேன். இடது பாதியில் ஒச்சப்பன் அண்ணன் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறார். சாமி விஷயத்தில் தகராறு கிடையாது. அவர் சுவரில் கருப்பணசாமி, என் சுவரில் வேளாங்கண்ணி மாதா. ஆயுத பூசைக்கு மட்டும் இரண்டு பாதியும் ஒன்றாகிவிடும். என் சாமான்களையும் அவரே துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்துப் படைத்துவிடுவார். நான் போய்ப் பொரி, சுண்டல் தின்பேன். எட்டு வருஷமாக இதுதான் ஒப்பந்தம். எட்டு வருஷமும் அவர் துடைத்ததோடு நிறுத்திக்கொண்டார். இந்த வருஷம் அவருக்கு என் மேல் பாசம் கூடிவிட்டது.

சுண்டலில் பாதி முடிந்திருந்தபோது ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. இறங்கின பெண் துண்டில் சுற்றிய ஒரு பெட்டியைப் பிள்ளையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு வந்தாள். பெயர் தமிழ்மதி, ஊர் கன்னிவாடிக்குப் பக்கம்.

"அக்கா, கடை இருக்கா?"

"இன்னைக்கு லீவும்மா. பொரி எடுத்துக்க."

"பொரி வேணாங்க்கா. ஐநூறு முட்டை."

நாட்டுக்கோழிக் குஞ்சு பொரிக்கிற மெஷின் வைத்திருக்கிறாள். இருபத்தோரு நாளில் குஞ்சு வரும். இன்று பத்தொன்பதாம் நாள். காலை பத்து மணிக்குச் சூடு நின்றுவிட்டது. சூட்டைப் பார்த்துக்கொள்கிற கன்ட்ரோல் பெட்டிதான் அந்தத் துண்டுக்குள் இருப்பது. வீட்டுக்காரர் வெந்நீர் பாட்டிலாக அடுக்கிக்கொண்டு மெஷின் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்.

"ஏழு வீட்டு முட்டைக்கா. எல்லாரும் என்னைய நம்பிக் குடுத்தது. டவுன்ல ஒரு கடை பாக்கியில்லாம தட்டிப் பாத்துட்டேன்."

ஒச்சப்பன் அண்ணன் தொண்டையைக் கனைத்தார். "பூசையில வச்சதை நாளைக்குக் காலையிலதான் எடுக்கணும் தாயி."

"அண்ணே, கருப்பணசாமி கோழி வேணாம்னு சொல்ற சாமியா?"

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "எடு, எடு. சாமி கேட்டா நான் சொல்லிக்கிறேன்."

பெட்டியைத் திறந்தேன். ஹீட்டருக்குக் கரன்ட் விடுகிற ரிலேயின் கால் ஒன்றில் ஈயம் வட்டமாக வெடித்துக் கருகியிருந்தது. இதைவிடச் சின்னப் பழுது கிடையாது. "அஞ்சு நிமிஷ வேலை, உக்காரும்மா" என்று பெரிய மனுஷி மாதிரி சொல்லிவிட்டு, வாழை இலையில் வைத்திருந்த, ஈயம் பற்றவைக்கிற சால்டரிங் அயர்ன் பக்கம் திரும்பினேன்.

என்னிடம் மூன்று உண்டு. மூன்றின் முனையும் செக்கச்செவேல் என்று, புதுத் தாம்பாளம் மாதிரி மின்னிக்கொண்டு கிடந்தது. நுனியில் ஒரு சந்தனப் பொட்டு, அதன் மேல் குங்குமம்.

"அண்ணே, இதை என்ன பண்ணினீங்க?"

"எப்படி இருக்கு?" முகம் எல்லாம் பல். "நேத்து சாயங்காலம் ரெண்டு மணி நேரம். மொதல்ல அரம், அப்புறம் உப்புத்தாள். கரி புடிச்சுக் கெடந்துச்சு தாயி. பாக்கவே சங்கடமா இருந்துச்சு."

"மூணையுமா?"

"ஒண்ண மட்டும் விட்டா நல்லாவா இருக்கும்?"

விஷயம் இதுதான். அந்த முனை உள்ளே செம்பு. செம்பை ஈயம் தின்றுவிடும் என்பதால் மேலே மெல்லிசாக இரும்பு பூசியிருப்பான். அந்தப் பூச்சு இருக்கிறவரைதான் முனைக்கு ஆயுசு. ஈர ஸ்பான்ஜில் ஒரு துடைப்பு, பித்தளை நாரில் ஒரு குத்து, அணைக்கும்முன் நுனியில் ஒரு பொட்டு ஈயம். அவ்வளவுதான் அதற்குக் குளியல். உடம்பு கறுப்பாகத்தான் இருக்கும்; நுனி வெள்ளையாக இருந்தால் போதும். நான் இரண்டு வருஷமாகக் காப்பாற்றி வைத்திருந்ததை அண்ணன் ஒரே சாயங்காலத்தில் உரித்துவிட்டார்.

"நான்ஸ்டிக் சட்டியைக் கம்பி நார் போட்டுத் தேய்ப்பீங்களா?"

"எங்க வீட்டுல இரும்புச் சட்டி."

"அண்ணே!"

"என்ன அண்ணே? சுத்தமா வச்சது ஒரு குத்தமா? கம்பியைச் சுரண்டாம ஈயம் புடிக்குமா? முப்பது வருசமா சுரண்டித்தான் பத்தவைக்கிறேன்."

"கம்பியில வார்னிஷ் பூசியிருக்கான், சுரண்டுறீங்க. இதுல இரும்பு பூசியிருக்கான்."

"அப்படின்னு அதுல எழுதி ஒட்டியிருக்கா?"

தமிழ்மதி அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். எங்கப்பா வெங்காயப் பேட்டைத் தரகர். சரக்கைக் குறை சொல்வது விலையை இறக்கத்தான், வாங்குகிறவன் முன்னால் கூட்டாளியைக் குறை சொல்லக் கூடாது என்பார். வாயை மூடிக்கொண்டு முதல் அயர்னைச் சொருகினேன்.

சூடு ஏற ஏறக் கடை முழுக்கச் சந்தன வாசனை. பிறகு சந்தனம் கருகுகிற வாசனை. முனை பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீலமாகி, கறுத்து, அடை அடையாகிவிட்டது. ஈயத்தை வைத்தால் ஒட்டவில்லை. உருண்டையாகி மேசையில் ஓடியது. இரண்டாவதைத் துணியால் துடைத்துவிட்டுச் சொருகினேன். அதுவும் அதே கதை.

போன் அடித்தது. தமிழ்மதி ஸ்பீக்கரில் போட்டாள். "தொண்ணூத்தி நாலுக்கு எறங்கிருச்சு. எம்புட்டு நேரம் ஆகும்?" என்றது வீட்டுக்காரர் முகேஷ்குமாரின் குரல். தொண்ணூற்றொன்பது டிகிரி ஃபாரன்ஹீட் இருக்க வேண்டிய இடம்.

"செத்த நேரம்தான்" என்றாள்.

புது முனை கேட்டு, உதிரி சாமான் விற்கிற மன்சூர் பாய்க்குப் போன் போட்டேன். கடையைப் பூட்டிவிட்டு நத்தத்தில் மச்சினன் வீட்டில் இருக்கிறாராம். நாளைக்கு எட்டு மணிக்குத் திறப்பாராம். ஒச்சப்பன் அண்ணன் தன் அயர்னைக் கொண்டுவந்து நீட்டினார். அது கட்டைவிரல் தண்டி. அதை வைத்தால் ரிலேயோடு போர்டையும் வழித்துக்கொண்டு வந்துவிடும்.

"உங்களுக்குள்ள சண்டை அப்புறம் வச்சுக்கங்க" என்றாள் தமிழ்மதி. கத்தவில்லை. அதுதான் சுருக்கென்று தைத்தது. "நான் ஏழு வீட்டுலயும் என்னன்னு சொல்லுவேன்?"

மூன்றாவது முனை இன்னும் சூடு பார்க்காமல் கிடந்தது. அதைக் கையில் எடுத்து யோசித்தேன். இரும்பு போனது போனதுதான். ஆனால் செம்பு ஈயத்தைப் பிடிக்காத பொருள் இல்லை. காற்றுப் பட்டுச் சுட்டால் கறுத்துப்போகும், அவ்வளவுதான். கறுக்கும்முன் ஈயம் முந்திக்கொண்டால்?

சந்தனத்தைக் கழுவித் துடைத்தேன். கழுவியும் ஒரு மஞ்சள் கறை போகவில்லை. வேறு வழியில்லை.

"அண்ணே, அந்த உப்புத்தாளைக் குடுங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எதை?"

"உப்புத்தாள்."

"தேய்க்கக் கூடாதுன்னியே?"

"குடுங்கண்ணே!"

வாழ்நாளில் இப்படி ஒரு திருப்தியோடு யாரும் உப்புத்தாளை நீட்டியிருக்க மாட்டார்கள். நுனியை மட்டும் தேய்த்து, ஈயம் ஒட்டுவதற்கான பேஸ்ட்டில் முக்கி, அதைச் சுற்றி ஈயக் கம்பியை நாலு சுற்றுச் சுற்றி, அதற்கப்புறம்தான் சுவிட்சைப் போட்டேன். மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். பேஸ்ட் புகைந்தது. கம்பி தளர்ந்தது, சரிந்தது, சட்டென்று உருகி நுனி முழுக்க வெள்ளியாகப் படர்ந்தது.

அதற்கப்புறம் உண்மையிலேயே அஞ்சு நிமிஷம்தான். பழைய ஈயத்தை எடுத்து, ரிலேயின் காலைப் பளிச்சென்று பற்றவைத்தேன். கரன்ட் கொடுத்ததும் ரிலே 'டக்' என்றது. தமிழ்மதி பெட்டியைத் துண்டில் சுற்றுகிற அவசரத்தில் செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டவில்லை.

போய்ச் சேர முக்கால் மணி நேரம், மாட்டிச் சூடு ஏற இன்னொரு மணி நேரம். வீட்டுக்குப் போக மனசு வரவில்லை. இரண்டு பேரும் அவரவர் பாதியில் உட்கார்ந்திருந்தோம்.

"பாத்தியா? நான் தேய்ச்ச முனைதான் வேலை செஞ்சுச்சு" என்றார் ஒச்சப்பன் அண்ணன்.

எனக்கு வந்ததே ஆத்திரம். "நீங்க தேய்க்காம இருந்திருந்தா அந்தப் புள்ளை ஒரு மணிக்கே கெளம்பியிருக்கும்! முழுசா ஒரு மணி நேரம் உசுரக் கையில புடிச்சுக்கிட்டு நின்னுச்சு. இந்த முனையும் ஒரு வாரத்துல குழி விழுந்துரும். ஈயம் தின்னுரும். என் சாமானை என்னைக் கேக்காம தொடலாமா?"

"எட்டு வருசமாத் தொடுறேன். இப்படி இப்படின்னு ஒரு நாளாவது சொல்லியிருக்கியா?"

"நீங்க கேட்டீங்களா?"

"அழுக்கைத் துடைக்க யாராவது அனுமதி கேப்பாகளா?"

"அது அழுக்கு இல்லைங்கிறேன்!"

எதிர்க்கடை வாட்ச்மேன் எட்டிப் பார்க்கிற அளவுக்குப் போய்விட்டது. அப்போது போன் அடித்தது.

"தொண்ணூத்தி ஒம்போதுக்கா" என்றாள் தமிழ்மதி. மூச்சு வாங்கினாள். "இருங்க, இருங்க. இதைக் கேளுங்க." போனை எங்கேயோ கொண்டுபோனாள். முட்டைத் தட்டு உரசுகிற சத்தம். பிறகு, ஓட்டுக்குள்ளிருந்து, நூல் மாதிரி மெல்லிசாக ஒரு கீச். செத்த நேரம் கழித்து இன்னொன்று.

"எத்தனைன்னு இப்பச் சொல்ல முடியாதுக்கா. ஆனா இருக்கு. சத்தம் இருக்கு."

ஒச்சப்பன் அண்ணன் அவர் பாதியிலிருந்து எழுந்து என் பாதிக்கு வந்து, காதைச் சாய்த்துக்கொண்டு நின்றார்.

"சத்தத்தக் கொஞ்சம் கூட்டு தாயி."

கூட்டினேன். திட்டுவதை மட்டும் நிறுத்தவில்லை.