பயந்தாங்கொள்ளி

மனோஜ்குமார் கொள்ளிச்சட்டியைக் கையில் வாங்கியபோது, அத்தை ராசாத்தாள் மாரில் அடித்துக்கொண்டு கத்தினாள்.

"இருக்கற ரெண்டுல ஒண்ணக் குடுத்திருந்தா எங்கண்ணன் இப்பிடிப் போயிருப்பாங்களா?"

அவன் மனைவி நந்திதா பெண்கள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னே வந்தாள். "இல்லீங்க, அவருக்கே..."

மனோஜ் திரும்பிப் பார்த்தான். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

சுடுகாட்டிலிருந்து திரும்பிக் குளித்த பிறகும் அவனால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. பந்தலுக்கும் கேட்டுக்கும் நடந்தான். நேராக இருந்த நாற்காலிகளை மறுபடி நேராக்கினான். சாவுக்காகத் தறிகளை நிறுத்தியிருந்த பக்கத்து ஷெட்டுக்குள் போய், சும்மா நின்றுவிட்டு வந்தான்.

"அழுது மூஞ்சியே வீங்கிப்போச்சு பாரு," என்றார் பங்காளி சுப்பண்ணன், மனோஜைக் காட்டி.

நந்திதாவுக்குத் தெரியும். அந்தக் கண்கள் ஒரு வருஷமாகவே காலையில் அப்படித்தான் வீங்கியிருந்தன.

அப்பா தம்பிதுரைக்கு டயாலிசிஸ் ஆரம்பித்த புதிதில், தன் சிறுநீரகம் ஒன்றைக் கொடுக்கலாமென்று கோயமுத்தூரில் பரிசோதனைக்குப் போனான் மனோஜ். வலி இல்லை, காய்ச்சல் இல்லை. சிறுநீர் நுரைத்துப் போவதை அவன் பெரிதாக நினைத்ததே இல்லை.

"உங்க கிட்னி வடிகட்டற வேகம் அம்பத்திரண்டுதானுங்க," என்றார் டாக்டர். "இந்த வயசுக்குத் தொண்ணூறாவது இருக்கோணும். நீங்க குடுக்க முடியாது. இருக்கறதக் காப்பாத்திக்கோணும்."

அன்று சாயங்காலம் அப்பா கேட்டார். "என்ன சொன்னாங்க கண்ணு?"

"எனக்குப் பயமா இருக்குதுங்கப்பா."

அப்பா அவனை நிமிர்ந்து பார்த்தார். "அதனால என்ன, உடு," என்று டிவி பக்கம் திரும்பிக்கொண்டார். அப்புறம் அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

சாவு வீட்டுக்கு மத்தியானம் பங்காளி வீட்டிலிருந்து சோறு வந்தது. உள்ளறையில் மனோஜுக்கும் நந்திதாவுக்கும் இலை போட்டார்கள். அம்மா சின்னாத்தாள் எதிர்ச்சுவரில் சாய்ந்திருந்தாள். பரிமாறியவள் போனதும், மனோஜின் இலையிலிருந்த ஊறுகாயையும் அப்பளத்தையும் நந்திதா சத்தமில்லாமல் தன் இலைக்கு மாற்றினாள்.

புருஷனுக்கு உப்பில்லாமல் ஆக்கிப்போட்டு, அவருடைய ரிப்போர்ட்டுகளைக் கேட்டுக் கேட்டே பழகியவள் சின்னாத்தாள்.

"கண்ணு."

"சொல்லுங்கம்மா."

"உனக்கு எத்தனைன்னு சொன்னாங்க?"

பிசைந்த கை நின்றது. நந்திதா தலையைக் குனிந்துகொண்டாள்.

"அம்பத்திரண்டுங்கம்மா."

"எப்ப?"

"அப்பாவுக்குக் குடுக்கப் போனப்ப."

வெளியே ராசாத்தாள் புதிதாக வந்த யாரிடமோ முதலிலிருந்து சொல்லத் தொடங்கியிருந்தாள்.

சின்னாத்தாள் சுவரைப் பிடித்து எழுந்து, மகனுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். காலையிலிருந்து பச்சைத்தண்ணிகூடக் குடிக்காதவள், குழம்பு ஊற்றிப் பிசைந்திருந்த சோற்றைத் தன் பக்கம் வழித்து இழுத்தாள். வெறுஞ்சோற்றை அவன் பக்கம் தள்ளினாள். பிறகு குனிந்தபடி தின்ன ஆரம்பித்தாள்.