மடை திறந்த மாமா

வீட்டைப் பார்க்க வர இன்சூரன்ஸ் ஆளுக்கு ஒன்றரை மாதம் பிடித்தது. தெரு முனையில் மாமாவின் ஃபிளெக்ஸைப் படிக்க அவருக்கு அரை நிமிடம்கூடப் பிடிக்கவில்லை.

பாண்டியராஜனின் வீடு வண்டியூரைத் தாண்டி லேக் வியூ அவென்யூவில் இருக்கிறது. ஏரி தெரியும் என்று சொல்லித்தான் மனை விற்றார்கள். ஏரி என்று அவர்கள் சொன்னது கண்மாயை. குடிவந்த நாள் முதல் வேலிக்கருவையைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படவில்லை. போன கார்த்திகை அடைமழையில் கண்மாய் நிரம்பி, மறுகால் பாய்ந்து, ஒரே இரவில் ஹாலுக்குள் இடுப்பளவு வந்து நின்று, விற்றவர்கள் கொடுத்த வாக்கைக் காப்பாற்றியது.

கட்டில், பீரோ, ஃபிரிட்ஜ், கிரைண்டர் எல்லாம் போனது ஒரு பக்கம். பிள்ளைகள் படுக்கிற அறையில் தரை உள்வாங்கி, சுவரில் விரல் நுழைகிற அளவு வெடிப்பு விட்டிருந்தது. இன்சூரன்ஸ் வந்தால்தான் அஸ்திவாரத்தில் கை வைக்கலாம். வராவிட்டால் அடுத்த மழைக்கு அந்தச் சுவர் யார்மேல் விழும் என்று மனைவி ரோகிணி தினமும் கேட்டாள். அவன் தினமும் எரிந்து விழுந்தான். வங்கியில் வீட்டுக் கடனோடு சேர்த்துத் தலையில் கட்டிய பாலிசி அது. அதை அவன் ஒருநாளும் படித்ததில்லை.

தல்லாகுளம் ஆபீசிலிருந்து வந்த சர்வேயர் பீமாராவ் படித்திருந்தார். வெடிப்பை அளந்தார், படம் எடுத்தார், பிறகு நிதானமாகக் கேட்டார்.

"சார், விருமாண்டிங்கிறவர் யாரு?"

"எங்க அக்கா வீட்டுக்காரர். ஏன் சார்?"

பீமாராவ் செல்போனைத் திருப்பிக் காட்டினார்.

மதுரையில் காதுகுத்துக்கும் கருமாதிக்கும் ஃபிளெக்ஸ் வைப்பார்கள். வெள்ளத்துக்கு வைத்தவர் மாமா ஒருவர்தான். லேக் வியூ அவென்யூ குடியிருப்போர் நலச் சங்கத்தின் நிறுவனர், தலைவர், கூட்டங்களில் ஒரே பேச்சாளர். வார்டு தேர்தலில் நிற்கிற ஆசையும் உண்டு. ஃபிளெக்ஸில் அவர் அந்தரத்தில் மிதந்தபடி ஒரு கையை உயர்த்தியிருந்தார். 'நள்ளிரவில் தனியொருவனாய் மடையைத் திறந்து கண்மாயைக் காத்த வேங்கையே!' கீழே ஸ்டாம்பு அளவில் சங்க உறுப்பினர்களின் தலைகள். மூன்றாவது தலை பாண்டியராஜனுடையது. கல்யாண ஆல்பத்திலிருந்து வெட்டியது. மாலைகூட அப்படியே இருந்தது.

"மடையத் தொறந்தா தண்ணி எங்க சார் போகும்?"

"வாய்க்கால்ல."

"வாய்க்கால் எங்க இருக்கு?"

பாண்டியராஜன் காலடியைப் பார்த்தான். வாய்க்கால் இருந்த இடத்தில்தான் அவன் நின்றுகொண்டிருந்தான்.

"தானா வந்த வெள்ளத்துக்குத்தான் பாலிசி சார். நீங்களாத் தொறந்துவிட்ட தண்ணி அதுல வராது. உங்க சங்கம், உங்க தலைவர், உங்க போட்டோ. நான் என்னன்னு எழுதுறது?"

"அவரு தொறக்கல சார்! ஊறுகா பாட்டில் மூடியவே எங்க அக்காதான் தொறந்து குடுக்கணும்!"

"அத அவரு சொல்லணும்."

கூப்பிட்டு அனுப்பியதும் மாமா வந்தார். சலவைச் சட்டை, பக்கத்தில் டீக்கடை காசிமாயன்.

"கம்பெனிக்காரரா? வாங்க தம்பி. அன்னைக்கு எம்புட்டுத் தண்ணிங்கிறீங்க!"

"மாமா, மடைய நீங்க தொறக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. இல்லன்னா எனக்கு கிளெய்ம் கிடையாதாம்."

"எப்படி மாப்ள சொல்லுவேன்? ஊரே பாத்திருக்கு."

"சத்தியமா அண்ணேதான் சார் தொறந்தாரு," என்றார் காசிமாயன்.

"நீங்க பாத்தீங்களா?" என்று கேட்டார் பீமாராவ்.

"நான் அன்னைக்கு மேலூர்ல ஒரு விசேஷத்துல இருந்தேன். அண்ணே சொன்னாருல்ல!"

வாசலில் கூடியிருந்த இன்னும் நாலு பேர் தலையாட்டினார்கள். குப்பைத் தொட்டியை எங்கே வைப்பது என்பதில் இன்றுவரை ஒத்துப்போகாத தெரு அது. தன் வீட்டை மூழ்கடிப்பதற்கு மட்டும் இப்படி ஒற்றுமையாக நிற்கிறதே என்று பாண்டியராஜனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மாமா, சுவரப் பாருங்க மாமா. பிள்ளைக படுக்கிற ரூமு."

"மாப்ள, சுவரு விட்டுப்போனா சிமெண்டு வச்சுப் பூசிரலாம். பேரு விட்டுப்போனா எதை வச்சுப் பூசுறது?" சொல்லிவிட்டு, தான் சொன்னது காசிமாயனுக்கு விளங்கியதா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

அந்த இடைவெளியில் ரோகிணி பின்வாசல் வழியாகப் போய், அடுத்த தெருவிலிருந்து நாத்தனாரை அழைத்து வந்துவிட்டாள். பாண்டியம்மாள் ஈரக்கையைச் சேலையில் துடைத்தபடி உள்ளே நுழைந்தாள்.

"யாரு எதத் தொறந்தது?"

"அண்ணே மடையத் தொறந்தாராம் மதினி," என்றாள் ரோகிணி.

"இவரா? தண்ணி கட்டிலத் தொட்டதும் பரண் மேல ஏறுன மனுசன்! நான் கீழ இடுப்புத் தண்ணியில ஏணியப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன், பாம்பு கெடக்கு, எறங்க மாட்டேங்கிறாரு. விடிஞ்சு தீயணைப்புக்காரங்க வந்துல்ல தூக்குனாங்க."

"பாண்டியம்மா, ஆம்பளைக பேசுற எடத்துல..."

"பேசுங்க, யாரு வேணாம்னா? ஃபிளெக்ஸுல பாதிப் படத்தத்தான போட்டீங்க? முழுசும் எங்கிட்ட இருக்கு."

அவள் நீட்டிய செல்போனில் அதே படம். அதே உயர்ந்த கை. ஆனால் இதில் மாமாவின் இடுப்புக்குக் கீழே இரண்டு தீயணைப்பு வீரர்கள் இருந்தார்கள். ஒருவர் கால்களைக் கட்டிப்பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். உயர்ந்த கை பரணின் விளிம்பை விடாமல் பிடித்திருந்தது.

காசிமாயனுக்கு அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்தது ஞாபகம் வந்தது. மற்ற நாலு பேருக்கும் ஆளுக்கொரு ஞாபகம். பீமாராவ் பண்பான மனிதர், சிரிக்காமல் இருமினார். மாமாவின் காற்று இறங்குகிற நாளுக்காகப் பாண்டியராஜன் அக்கா கல்யாணம் ஆனதிலிருந்து காத்திருந்தான். வந்த நாளை அனுபவிக்கத்தான் முடியவில்லை. கண் பீமாராவின் பேனாவை விட்டு நகரவில்லை.

"அப்ப, கண்மாய் தானா மறுகால் பாஞ்சது. தண்ணி வந்தப்ப நீங்க வீட்டுல இருந்தீங்க. அப்படி எழுதிக்கிறேன் சார்," என்றார் பீமாராவ்.

மாமா தொண்டையைச் செருமினார். "வீட்டிலிருந்தபடியே நிலைமையைக் கண்காணித்தார்னு எழுதுங்க தம்பி."

"கண்காணிச்சீங்கன்னா, தலைவருக்குத் தெரிஞ்சிருக்கு, ஏன் தெருவுல யாருக்கும் சொல்லல, ஏன் சாமான மேல ஏத்தலன்னு கம்பெனி கேக்கும். உங்க மாப்பிள்ளையோட கிளெய்ம்லதான் கை வைப்பாங்க."

மாமா மனைவியைப் பார்த்தார். அவள் கூரையைப் பார்த்தாள்.

"அண்ணே, புண்ணியமாப் போகும்ணே," என்றாள் ரோகிணி.

மாமா சுவரின் வெடிப்பருகே போய் நின்றார். விரலை விட்டுப் பார்த்தார். விரல் முழுசாக உள்ளே போனது. எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"தூங்கிக்கிட்டு இருந்தேன்னு போடு தம்பி."

பீமாராவ் எழுதி நீட்டினார். மாமா கையெழுத்துப் போட்டுவிட்டு, பேனாவைத் திருப்பிக் கொடுக்காமல் நின்றார்.

"கீழ தலைவர்னு போட்டுக்கலாமா?"

"போட்டுக்கோங்க சார். அதுக்குப் பாலிசியில தடையில்ல."

மாமா அதைப் பெரிய எழுத்தில் போட்டார். முற்றுப்புள்ளி வைக்கிறவரை பொறுத்திருந்த பாண்டியராஜன், அவர் இன்னொரு பட்டத்தை யோசிப்பதற்குள் காகிதத்தை உருவி பீமாராவின் பைக்குள் தன் கையாலேயே திணித்தான்.