நாக்குக்கு ஒரு கத்துக்குட்டி

மீரா சாஹிப்புக்கு நாக்கு செத்து மூணு மாசம். காய்ச்சல் வந்து போனதோடு ருசியும் வாசனையும் சேர்ந்தே போயிற்று. உப்போ புளியோ, எதை வாயில் வைத்தாலும் வெறும் சூடுதான். ஈப்போவில் மீன் கறிக்குப் பேர்போன சாப்பாட்டுக் கடைக்காரருக்கு வரக்கூடிய வியாதியா இது? வெளியே தெரிந்தால் கடையைச் சாத்த வேண்டியதுதான். பீடோரிலிருந்து இந்தக் கறிக்கென்றே கார் எடுத்துக்கொண்டு வருகிறவன் அப்புறம் எதற்கு வரப்போகிறான்?

அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. கறி இறங்கியதும் முதல் கரண்டி முதலாளிக்கு. அவர் ருசி பார்த்து, குறை இருந்தால் திருத்தச் சொல்லி, "போலே", அதாவது சரி, என்றால்தான் சட்டி முன்னால் போகும். பல வருஷமாக அங்கே சமைக்கிற அமீருல் கரண்டியை நீட்டுவான். இவர் கண்ணை மூடிக்கொண்டு "போலேலா" என்பார். தட்டில் பாதியை வைத்துவிட்டு ஆட்கள் எழுந்துபோக ஆரம்பித்தார்கள்.

அப்போதுதான் அவருக்கு, வேலை பழக ஓர் ஆளை எடுக்கலாம் என்று தோன்றியது. செமோரில் கையுறை ஃபேக்டரி மூடி வேலை போன ரஸ்னா வந்து சேர்ந்தாள். நாற்பது தாண்டியவள், பிள்ளைகுட்டிக்காரி. அமீருல் முகம் சுளித்தான்.

"தொழில் தெரிஞ்ச ஆளா எடுக்கலாம்லண்ணே?"

தொழில் தெரிந்தவனிடம் போய் உப்பு இருக்கா என்று முதலாளி கேட்டால் மானம் என்னாவது? கற்றுக்கொள்ள வந்தவளிடம் எதையும் கேட்கலாம், பாடம் நடத்துகிறார் என்று நினைத்துக்கொள்வாள். கள்ள மனுஷன்தான், ஆனால் மூளைக்காரர்!

"நல்லாப் பாரு ரஸ்னா. என்ன குறையுது, சொல்லு."

"புளி கொஞ்சம் பத்தலண்ணே."

"அதான். ஊத்து."

தட்டுகள் மறுபடி காலியாகத் திரும்பின. "இதுவரைக்கும் நான் ஒண்ணுகூடத் தப்பா சொல்லலையாண்ணே?" என்று அவள் பெருமையாகக் கேட்டபோது மட்டும் அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, கறியை முழுக்க ரஸ்னாவே வைத்தாள். அவளுக்குச் சளி பிடித்து மூக்கு அடைத்திருந்தது. "சரியா இருக்குண்ணே" என்றாள். அவரும் கரண்டியை நக்கிவிட்டு "போலே" என்றார். ஜும்மா தொழுகை முடிந்து வந்த கூட்டம் ஒரு வாயோடு தட்டைத் தள்ளியது. கறி அடிப்பிடித்திருந்தது.

"பாத்தீங்களாண்ணே? கத்துக்குட்டி கையில சட்டியக் குடுத்தா இப்படித்தான். வீட்டுக்கு அனுப்பிவிடுங்க" என்றான் அமீருல்.

ரஸ்னா மீரா சாஹிப்பையே பார்த்தாள். "நான் பழக வந்தவ. நீங்க வாயில வச்சுப் பாத்தீங்களேண்ணே, ஏன் சொல்லல?"

புது ஆள், தெரியாமல் பண்ணிவிட்டாள் என்று சொன்னால் போதும், கடையின் பேர் தப்பித்துவிடும். அந்த வார்த்தை அவர் தொண்டை வரைக்கும் வந்தது. யா அல்லாஹ், பாவி ஆகாதே என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார்.

"எனக்கு ருசி தெரியாது ரஸ்னா. வாசனையும் தெரியாது. காய்ச்சல்ல போனது. இத்தன நாளா உன் நாக்க வச்சுத்தான் கடை நடந்துச்சு. நீ போகக்கூடாது."

அமீருல் அதிரவில்லை. அடுப்பைத் துடைத்துக்கொண்டே, "தெரியும்ணே" என்றான். "உப்பு பத்தாத கறிக்கும் நீங்க போலேன்னு சொன்னப்பவே தெரியும். இன்னைக்கு அடிப்பிடிச்ச வாடையும் எனக்கு வந்துச்சு."

"தெரிஞ்சா வாயத் தெறந்து சொல்றதுக்கு என்னடா கேடு?"

"அவகிட்ட தெனமும் கேட்டீங்க. என்கிட்ட ஒரு நாளாவது கேட்டீங்களாண்ணே?"